காம்பராவும் தூஷணமும்

அவையிற் சொல்லத்தகாத சொல்லை மறைத்தே சொல்லுதல் வேண்டும் என்பது தமிழ் இலக்கண ஆசிரியர் வகுத்த பழைய விதி. தொல்காப்பியர் அத்தகைய சொல்லை அவையல்கிளவி என்றார். நன்னூலார் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக இடக்கரடக்கலை வைத்தார். இவ்விதியிற் கூர்ந்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. ஒரு சொல் தகுமா தகாதா என்பதைத் தீர்மானிப்பது அச்சொல்லன்று. அதனைக் கேட்டிருக்கும் அவையே. அந்த அவையோ வளர்ந்தோரின் அவை, கற்றோரின் அவை. வீட்டு மூலையிலே சாக்கின்மேற் படுத்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளை அந்த அவையில் இடம்பெறுவதில்லை.

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் குழந்தையின் சொல்லைக் கேட்டுப் பெற்றோர் மகிழ்வதைப் பேசுகின்றதேயன்றிப் பெற்றோரின் சொல்லைக் கேட்டுக் குழந்தை என்னவாகின்றது என்பதனைத் தொடவில்லை. பிள்ளைத்தமிழோ, பத்துப் பருவமும் குழந்தையைப் பொருளாகக் கொண்டு பாடப்படுவதாயினும், தெய்வத்தையோ தலைவனையோ குழந்தையாக்கிப் பாடுவது. கேட்கும் பிள்ளை அங்கே வெறும் பாவனை. ஆக, பெரியோர் பேசுவதைக் கேட்டு வளரும் செவி என்ற ஒன்று தமிழிலக்கியப் பரப்பில் நெடுங்காலம் கவனிக்கப்படாமலே கிடந்தது. மலையகப் புனைகதையும் இந்த மரபின் குறையைத் தன்னையறியாமலே சுமந்து வந்துள்ளது என்பதே இங்கு எடுத்துக்காட்டப்படவுள்ளது.

ஈழத்துப் பேச்சு வழக்கில் 'தூஷணம்' என்ற வடசொல் தன் பழைய பொருளாகிய நிந்தை என்பதினின்றும் சுருங்கி, வாயாற் சொல்லக்கூசும் வசவு என்ற பொருளிலேயே நிலைத்துவிட்டது. பெற்றோர் பிள்ளைகளின் முன்னிலையில் தூஷணம் பேசுவது எந்த ஒரு வர்க்கத்துக்கும் உரிய தனிப்பழக்கமன்று. கொழும்பின் மாடிவீட்டிலும் அது உண்டு. யாழ்ப்பாணத்துக் கல்வீட்டிலும் உண்டு. ஆயினும் அங்கெல்லாம் அது 'கோபத்தில் வந்த சொல்' எனப்படும். தோட்டத்து லயத்திற் கேட்டால் மட்டும் 'அவர்களின் பண்பாடு' எனப்படும். இப்பாகுபாட்டை விளங்கிக்கொள்ளப் புசல்லாவையைப்போல் வசதியான இடம் வேறில்லை.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், கண்டிச் சீமையின் ஓரத்தில் உள்ளது புசல்லாவை. வீதியின் இருமருங்கும் சிறு கடைத்தெரு. சுற்றிலும் றொத்சைல்ட், சோகம, டெல்டா, ஹெல்பொட எனத் தேயிலைத் தோட்டங்கள். றொத்சைல்ட் தோட்டம் 1840களில் வோர்ம்ஸ் சகோதரராற் கோப்பித் தோட்டமாகத் தொடங்கப்பட்டது. அவர்கள் ஐரோப்பாவின் பெருஞ்செல்வக் குடும்பமாகிய றொத்சைல்ட் குடும்பத்தின் உறவினர். அக்குடும்பத்தின் பெயர் இன்றும் புசல்லாவை லயத்துப் பிள்ளையொன்றின் முகவரியாக அஞ்சலில் வந்து போகின்றது என்பது வரலாற்றின் கேலிகளுள் ஒன்று. கடைத்தெருவில் நிற்போருக்கும் மலையில் வேலை செய்வோருக்கும் இடையே நடந்து கடக்கும் தூரமே உண்டு. ஆயினும் 'தோட்டத்துப் பேச்சு' என்று கடைத்தெரு சொல்லும்போது அத்தூரம் பல காதமாகிவிடுகின்றது. பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளை ஒரு கெட்ட சொல்லைச் சொல்லிவிட்டால், 'லயத்துப் பழக்கம்' என்ற தீர்ப்பு ஆசிரியர் அறையிலே உடனே கிடைக்கும். அதே சொல்லைக் கடைக்காரர் மகன் சொன்னால், கெட்ட சகவாசம் காரணமாகும்.

இத்தீர்ப்பு பிழையானது என்று காட்டுவது எளிது. லயத்தின் கட்டட அமைப்பை நோக்கினாலே போதும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு. இவ்வாறு பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாகவும், சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரட்டை வரிசையாகவும் அமைவதே லயம். பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரை மட்டுக்கும் எழுவதில்லை. ஒரு காம்பராவில் எழும் குரல் சுவரின் மேலாக அடுத்த காம்பராவுக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் செல்லும். 'பிள்ளைகள் முன்னால் பேசாதே' என்ற அறிவுரை வேறோர் அறை உள்ளவருக்கே பொருந்தும். கல்வீட்டுத் தகப்பன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மனைவியை ஏசுகின்றான். அவனுடைய பிள்ளை ஒழுக்கமான வீட்டிற் பிறந்ததாகக் கருதப்படுகின்றது. லயத்துத் தகப்பனின் ஏச்சுக்கோ இருபது குடும்பம் சாட்சி. இருவருக்குமிடையில் உள்ள வேறுபாட்டிற் பெரும்பகுதி சுவரின் வேறுபாடேயாகும்.

இரண்டாவது காரணம் வேலைத்தலத்து மொழி. ஆங்கிலத் துரைமார் தொழிலாளரோடு பேசுவதற்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தமிழ்க் கைநூல்கள் வெளிவந்தன. ஃபெர்குசன் என்பார் வெளியிட்ட ஒன்றின் பெயர் 'இங்கே வா'. வெல்ஸ் என்பாரின் நூலொன்று (1915) 'கூலித் தமிழ்' என்ற பெயரையே தாங்கியது. மு. நித்தியானந்தன் தமது 'கூலித்தமிழ்' (2014) என்னும் நூலில் இக்கைநூல்களை விரிவாக ஆராய்ந்துள்ளார். 'இங்கே வா' என்ற தலைப்பே போதிய சான்று. மரியாதைப் பன்மை மிகுந்த ஒரு மொழியினின்றும் துரைமாருக்குத் தேவைப்பட்டது ஏவல் ஒருமை மட்டுமே. துரையிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும், கணக்கப்பிள்ளையிடமிருந்து கங்காணிக்கும், கங்காணியிடமிருந்து கொழுந்துக் கூடை சுமந்தவளுக்கும் இந்த ஒருமை இறங்கி வந்தது. துரையின் வாயில் வெறும் ஏவலாக இருந்தது, தமிழை நன்கறிந்த கங்காணியின் வாயில் வசவாக முற்றியது. பெரட்டுக்களத்திற் பிந்தி வந்ததற்கு ஏச்சு, மலையில் நிரை பிந்தியதற்கு ஏச்சு, கொழுந்து மடுவத்தில் நிறுவை குறைந்ததற்கு ஏச்சு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. நிருவாகம் கைமாறிய வேகத்தில் மடுவத்து மொழி மாறவில்லை.

பகல் முழுவதும் ஏச்சைக் கேட்டு நின்றவன் மாலையிலே தவறணைக்குப் போய், இரவு காம்பராவுக்கு வருகின்றான். பகலில் எதிர்த்துப் பேச முடியாத சொல்லெல்லாம் இரவில் அவன் மனைவியின்மேல் விழுகின்றது. சம்பள நாள் வந்தால் இது இரட்டிப்பாகும். பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நீண்டகாலம் நிலவியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் என்பதே 1984இற்றான் கைகூடியது. தன் உழைப்பின் பணத்தைக் கேட்கும் மனைவிக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் தூஷணமாகவே இருக்கும். அவள் பிள்ளைமேற் பாய்கின்றாள். பிள்ளை தன்னிலும் சிறியதைத் தேடிப் போகின்றது. துரையின் ஏவலிற் புறப்பட்டது இவ்வாறு கடைசியில் வந்து தங்குமிடம் பாயில் விழித்துக் கிடக்கும் பிள்ளையின் செவி.

இந்த விளக்கம் புதியதன்று. முற்போக்கு இலக்கிய அணியைச் சேர்ந்த எவரும் இதனை ஒப்புவர். வினா யாதெனில், இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒன்றை மலையகப் புனைகதை ஏன் முழுமையாக எழுதவில்லை என்பதே.

1960களின் முற்பகுதியில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை இவ்விடத்து நினைவுகூர்தல் வேண்டும். உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையில் எழுதியோரைப் பண்டித அணியினர் 'இழிசனர் வழக்கு' எழுதுவோர் எனப் பழித்தனர். முற்போக்கு அணியினர் மண்வாசனை, யதார்த்தம் என்ற கோட்பாடுகளால் அதனை எதிர்த்து நின்று வென்றனர். அவ்வெற்றியின் பயனாகவே என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' (1980), தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' (1979) முதலான தொகுதிகளில் தோட்டத்துப் பேச்சு தலைநிமிர்ந்து அச்சேறியது. ஆயினும் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. இழிசனர் என்று பழிக்கப்பட்ட மக்களைப் பண்புடையோராகக் காட்ட வேண்டிய கடப்பாடு எழுத்தாளர்மேல் விழுந்தது. எனவே, பெரும்பாலான கதைகளில் 'வாய்க்கு வந்தபடி ஏசினான்' என்ற ஆசிரியர் கூற்றோ, மூன்று புள்ளிகளோ தூஷணத்தின் இடத்தை நிரப்பின. ஏசுபவன் கங்காணியாயின் புள்ளிகள் குறைந்து சொல் சற்று வெளியே தெரியும். ஏசுபவன் தகப்பனாயின் புள்ளிகள் கூடும். பண்டிதரை எதிர்த்துப் போரிட்டவர்களே பண்டிதரின் இடக்கரடக்கலைத் தம் மக்களின் மானம் காக்கும் பொருட்டுக் கைக்கொண்டனர் எனலாம்.

இத்தயக்கத்தைக் கோழைத்தனம் என்று கூறிவிடல் நியாயமன்று. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களாற் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டு நின்ற ஒரு மக்கட் கூட்டம், தன்னைப் பற்றிய ஒவ்வொரு குறையும் தனக்கெதிரான சாட்சியாக்கப்படும் என்று அஞ்சுவது இயல்பே. சி.வி. வேலுப்பிள்ளையும் கோகிலம் சுப்பையாவும் எழுதிய காலத்தில் இம்மக்கள் மனிதர் என்பதையே முதலில் நிறுவவேண்டியிருந்தது.

எனினும், கட்புலனுக்கு உரியதை எழுதிய துணிவு செவிப்புலனுக்கு உரியதை எழுதுவதில் வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்ற சிறுகதை, வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே காம்பராவிற் படுத்துறங்க நேர்வதன் அவலத்தைப் பொருளாகக் கொண்டது. பத்தடிக் காம்பராவில் தாம்பத்தியத்துக்கு மறைவில்லை என்பதை அக்கதையளவுக்குக் கூசாமலும் கொச்சைப்படுத்தாமலும் கூறிய ஆக்கம் அரிது. மலையகச் சிறுகதையின் சிகரங்களுள் அதுவும் ஒன்று. அதே காம்பராவில் சினத்துக்கும் மறைவில்லை. இருளில் நிகழும் ஒரு தவறு ஓர் இரவுக்குரியது. தூஷணமோ ஒவ்வோர் இரவுக்கும் உரியது. அன்றாடம் நிகழ்வதாலேயே அது கதையாகத் தகாதது என எழுத்தாளர் எண்ணினர் போலும்.

தூஷணத்தை எழுதாது விட்டமையால் மற்றோர் உண்மையும் மறைந்து போயிற்று. துரை தந்தது தொனியை மட்டுமே. சொற்களைத் தந்தவன் துரையல்லன். லயத்திற் கேட்கும் வசவுகளை வகைப்படுத்தி நோக்கின், 'கட்டையில் போவான்', 'நாசமாய்ப் போவான்' என்பன போன்ற சாபங்கள் ஒருபுறமும், நாய், கழுதை என்னும் விலங்குப் பெயர்கள் மற்றொருபுறமும் நிற்கும். இவை இரண்டும் கடுமை குறைந்தவை. தாய்மார் பிள்ளைகளை நோக்கிச் செல்லமாகவும் சொல்பவை. உண்மையான தூஷணமோ இரண்டே பொருள்களைச் சுற்றுவது. ஒன்று, எதிரியின் தாய் அல்லது உடன்பிறந்தாளின் கற்பு. மற்றது சாதி. இவ்விரண்டும் கங்காணியோடு கூடத் தமிழகத்து ஊர்களிலிருந்து வந்தவை. கங்காணி தன் ஊராரைச் சாதி பார்த்தே திரட்டி வந்தான். லயங்களும் சாதி பார்த்தே ஒதுக்கப்பட்டன. துரைத்தனம் அழிந்தாலும் இச்சொற்கள் அழியா. 'எல்லாம் முதலாளித்துவத்தின் விளைவு' என்ற ஒற்றை விளக்கத்தோடு நின்றுவிடும் திறனாய்வு இவ்விடத்திற் கண்ணை மூடிக்கொள்கின்றது.

பிள்ளையின் நிலையில் நின்று நோக்கினால் இதன் கொடுமை புலப்படும். அச்சொற்களின் நேர்ப்பொருள் ஏழு வயதுப் பிள்ளைக்கு விளங்குவதில்லை. விளங்குவது வேறொன்று. ஒருவனை வீழ்த்தவேண்டுமாயின் அவன் தாயை இழுக்கவேண்டும் என்பது விளங்குகின்றது. எந்த லயத்து மனிதரின் பெயரைச் சொன்னாலே அது வசவாகும் என்பது விளங்குகின்றது. தகப்பன் தாயை ஏசும் சொல் தன் தாயைக் குறிக்கும் சொல் என்பதும் ஒருநாள் விளங்குகின்றது. மகனாயின் அச்சொல்லைத் தனக்குரிய ஆயுதமாகக் கொள்வான். மகளாயின் அது என்றோ ஒருநாள் தன்மேல் வரும் என்று காத்திருப்பாள். ஒரே சுவரோரம் படுத்த இருவரும் ஒரே சொல்லிலிருந்து கற்கும் பாடம் இருவேறாகின்றது.

தமிழகத்திற் பாமா இவ்விடயத்தை எழுதிய முறை மலையக எழுத்தாளர் கற்கவேண்டிய ஒன்று. 'சங்கதி' (1994) என்ற நூலில், அடிக்க வரும் கணவனைத் தெருவில் நின்று தூஷணத்தாலேயே தடுத்து நிறுத்தும் பெண்ணொருத்தி வருகின்றாள். கேட்போர் முகஞ்சுளிக்கின்றனர். கதைசொல்லியோ, அவள் வாய் அவ்வாறு இராதிருப்பின் அவளுடைய உயிரே மிஞ்சியிராது என்று எண்ணிப் பார்க்கின்றாள். தூஷணம் அங்கே பெண்ணை இழிவுபடுத்தும் கருவியாகவும் அவளைக் காக்கும் கேடயமாகவும் ஒருங்கே நிற்கின்றது. இம்முரணைப் பாமா காணமுடிந்தது, அவர் அதனைக் கேட்டு வளர்ந்தவரின் இடத்தில் நின்று எழுதியமையால். மலையகக் கதைகளிற் பெரும்பாலானவை ஏசுபவனின் பின்னணியை விளக்குகின்றன. ஏச்சு வாங்குபவளுக்காக இரங்குகின்றன. கேட்டுக்கொண்டிருப்பவர் எவரும் அங்கே கதைசொல்வதில்லை.

தமிழிலே வசைக்கு இலக்கியத் தகுதி இல்லாமலில்லை. அங்கதத்துக்குத் தொல்காப்பியச் செய்யுளியலில் இடமுண்டு. காளமேகம் வசை பாடுவதற்கே பெயர்பெற்றவர். பெருமாள்முருகன் 'கெட்ட வார்த்தை பேசுவோம்' என்றொரு கட்டுரை நூலே எழுதியுள்ளார். புலவன் பாடினால் அங்கதம், தொழிலாளி பேசினால் தூஷணம் என்ற வேறுபாடு வர்க்கச் சார்புடையது என்பதில் ஐயமில்லை. ஆயின் இவ்வாதத்தை நீட்டி, லயத்துத் தூஷணம் மக்களின் உயிர்த்துடிப்பான மொழி என்று கொண்டாடத் தொடங்குவோரும் இக்காலத்தில் உளர். அவர்கள் அந்த இரவிற் பாயிற் படுத்திருந்தவர்கள் அல்லர்.

கல்வியியலாளர் பஸில் பேர்ன்ஸ்ரைன் 1960களில் தொழிலாளர் வீட்டு மொழியை வரையறுக்கப்பட்ட மொழிக்குறி என்றார். அக்கருத்தைப் பற்றிக்கொண்டு, ஏழைப் பிள்ளை பள்ளியிற் பின்தங்குவதற்கு வீட்டு மொழியே காரணம் என வாதிட்டோர் பலர். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ், குறை பிள்ளையின் மொழியில் இல்லை, அதனை அளப்பவரின் செவியில் உள்ளது எனக் காட்டினார். புசல்லாவைப் பிள்ளையின் பேச்சு வழக்கைப் பொறுத்தவரை லபோவின் கூற்றே சரி. தூஷணம் அவ்வழக்கின் ஒரு பகுதி என்று மயங்கலாகாது. கொழுந்து, மடுவம், பெரட்டு என்னும் சொற்கள் அம்மக்களின் உழைப்பிற் பிறந்த செல்வம். தூஷணம் அவர்கள்மேற் கொட்டப்பட்டது, அவர்களும் கொட்டுவது. பிட்ஸ்பர்க், மிச்சிகன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று, பெற்றோரின் கடுஞ்சொல் பதின்ம வயதுப் பிள்ளைகளிடத்து மனச்சோர்வையும் நடத்தைக் கோளாறையும் மிகுவிப்பதையும், வீட்டில் நிலவும் பாசம் அவ்விளைவைத் தணிக்கவில்லை என்பதையும் காட்டியது. அது அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றியது. லயத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இருப்பினும், 'அடித்தாலும் ஏசினாலும் பாசம் உண்டு' என்ற நம்மவர் சமாதானத்தை அது அசைக்கவே செய்கின்றது.

சட்டமும் இவ்விடயத்தில் இலக்கணத்தைப் போலவே நிற்கின்றது. இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மனவதையையும் வன்முறையாகக் கொள்கின்றது. ஆயின் அது பாதிக்கப்பட்டவரை நோக்கி ஏவப்பட்டதாக இருத்தல் வேண்டும். தாயை நோக்கி ஏவப்பட்ட சொல்லை அருகிலிருந்து கேட்ட பிள்ளை அவ்வரையறையின் ஓரத்திலேயே நிற்கின்றது. தொல்காப்பியரின் அவையிலும் அதற்கு இடமில்லை, நீதிமன்றத்திலும் தெளிவான இடமில்லை. எஞ்சியிருப்பது புனைகதை ஒன்றே.

மலையகத்தின் சில தோட்டங்களில் இந்திய உதவியோடு தனி வீடுகள் எழுந்துள்ளன. ஏழு பேர்ச் காணி, இரண்டு படுக்கையறை, சமையலறை, தனிக்கதவு. லயத்தில் வாழ்வோர் தொகையோடு ஒப்பிட இவை சிலவே. லயத்திலிருந்து அத்தகைய வீட்டுக்குச் செல்லும் ஒரு குடும்பத்தைத் தொடர்ந்து கவனிக்கும் எழுத்தாளருக்கு, முன்னையோர்க்கு வாய்க்காத ஒரு வசதி உண்டு. சுவர் இல்லாமையால் நேர்ந்தது எது, சுவர் எழுந்த பின்னும் நிற்பது எது என்பதை அவர் பிரித்தறியலாம். அக்கதையை அவர் தகப்பன் வீடு திரும்பும் வழியிலிருந்து தொடங்கவேண்டியதில்லை; இரண்டாவது அறையிற் புத்தகத்தை விரித்து வைத்தபடி, வாயிற் கதவு திறக்கும் ஓசைக்குச் செவியைத் தீட்டியிருக்கும் மகளிடமிருந்து தொடங்கலாம்.